அம்மா ஊருக்குப் போன பிறகு வந்த அக்டோபர்

இங்கிலாந்தில் பிரசவம் என்றால் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே கணக்குதான் போடுகிறோம். விசிட்டர் விசாவில் ஒரு தடவை வந்தால் ஆறு மாதம் வரை இருக்கலாம். ஆகவே தேதிக்குச் சில வாரம் முன்னால் அம்மாவை வரவழைத்து, ஆறு மாதத்தையும் ஒரு நாள் வீணாக்காமல் பயன்படுத்தி, குழந்தைக்குக் கழுத்து நின்று குப்புற விழுந்ததும் அனுப்பி வைப்பது. ஒற்றைக் குழந்தை என்றால் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வந்துவிடும். எங்களுக்கு 2025 ஏப்ரலில் பிறந்தது இரட்டை. அம்மா மார்ச் கடைசியில் திருநெல்வேலியிலிருந்து வந்தாள், செப்டம்பர் கடைசியில் கிளம்பினாள். அதாவது வெயிலும் வெளிச்சமும் இருந்த மாதங்களில் வீட்டில் ஆறு கைகள் இருந்தன. இருட்டு, மழை, சளி, ஹீட்டிங் பில் எல்லாம் சேர்ந்து வரும் நேரத்தில் என் இரண்டு கைகள்தான் மிச்சம். இதை எனக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது மில்டன் கீன்ஸில். இவருக்கு வாரத்தில் சில நாட்கள் லண்டனில் அலுவலகம், மாதம் ஒரு முறை எடின்பரோவில் கிளையண்ட் வேலை. நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். குழந்தைகளுக்குப் பெயர் வைத்திருந்தாலும் வீட்டில் அக்கா, தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம். இரண்டே நிமிடம் முந்திப் பிறந்தவளுக்கு அக்கா பட்டம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அம்மா முதல் நாளே வைத்துவிட்டாள், ஒட்டிக்கொண்டது.

அம்மா இருந்தவரை எல்லாம் நன்றாக ஓடியது என்று பொய் சொல்ல மாட்டேன். எங்களுக்குள் நிறைய சண்டை வந்தது. தலைக்கு ஊற்றிய பிறகு சாம்பிராணி போட்டாள், வீட்டுப் புகை அலாரம் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறியது. பிள்ளைகளின் நெஞ்சுக்கும் புகை ஆகாது என்று சொல்லி நிறுத்தினேன். வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுத் தூங்க வைப்பாள். "ஏட்டி, பச்சப்பிள்ளைக்குக் காத மூடணும்லா" என்பாள். இங்கே ஹெல்த் விசிட்டர் (வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் நர்ஸ்) சொல்வது நேர் எதிர். அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தூங்கும்போது தொப்பி கூடாது, தளர்வான போர்வை கூடாது, ஸ்லீப்பிங் பேக் போதும். குழந்தை தலை வழியாகச் சூட்டை வெளியேற்றுகிறது, மூடினால் உடம்பு அளவுக்கு மேல் சூடாகிவிடும். கை கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், நெஞ்சையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள், அதுதான் உண்மையான சூடு. 2.5 டாக் (எவ்வளவு கதகதப்பு என்பதற்கான அளவு) ஸ்லீப்பிங் பேக் ஒவ்வொருவருக்கும் இரண்டாவது இருக்கட்டும். நடுராத்திரி இரண்டு பேரும் நனைத்துவிட்டால் ரேடியேட்டர் மேல் காயும் வரை காத்திருக்க முடியாது. ஆகஸ்டிலேயே வாங்குங்கள். வின்டெட் மாதிரி ஆப்களில் புதிதுபோல இருப்பது பாதி விலைக்குக் கிடைக்கிறது. அக்டோபரில் எல்லோரும் தேடுவார்கள்.

அம்மா போன முதல் வாரத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. ஒற்றைக் குழந்தைக்குச் சொல்லும் எந்த அறிவுரையும் இரட்டைக்கு அப்படியே பொருந்தாது. "குழந்தை கேட்கும்போது பால் கொடு" என்பார்கள். இரண்டு பேரும் தனித்தனியே கேட்டால் இருபத்து நான்கு மணி நேரமும் கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஒருத்தி எழுந்து பால் குடித்தால் அடுத்த பத்து நிமிடத்தில் மற்றவனையும் எழுப்பிக் கொடுத்துவிட வேண்டும். தூங்குகிற பிள்ளையை எழுப்புவதா என்று மனசு கேட்காது. எழுப்புங்கள். அப்படிச் செய்த பிறகுதான் இரவில் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் கண் மூட முடிந்தது. இன்னொன்று, இருவரும் ஒரே நேரத்தில் அழும்போது யாரை முதலில் தூக்குவது என்ற கேள்வி. சத்தமாக அழுகிறவளையே கை தேடிப் போகும். தம்பி கொஞ்சம் அமைதியான ஆள், அவன் அழுது அழுது தானே ஓய்ந்துவிடுவான். அவனை நினைத்துத்தான் நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். ஒரு தடவை இவள், அடுத்த தடவை இவன் என்று மாற்றி மாற்றித் தூக்குவதை ஒரு வழக்கமாக்கிய பிறகு அந்தக் குற்ற உணர்வு கொஞ்சம் குறைந்தது.

அக்டோபர் பிறந்ததும் முதல் அடி துணி காயப் போடுவதில் விழுந்தது. கோடையில் பின்பக்கக் கொடியில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மழை தொடங்கியதும் எல்லாம் வீட்டுக்குள். இரண்டு பேரின் ஜட்டி, சட்டை, எச்சில் துணி, ஸ்லீப்பிங் பேக் என்று தினமும் ஒரு மெஷின் நிறைய ஈரத்துணி. அந்த ஈரம் எங்கே போகும்? ஜன்னல் கண்ணாடியில் வழிந்தது, அப்புறம் குழந்தைகள் அறையின் ஓரச் சுவரில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாய்க்கு அது மிகவும் கெடுதல். 150 பவுண்டு கொடுத்து ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கினோம். டிஹியூமிடிஃபையர் என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒரு சிறிய அறையில் துணியை விரித்து, கதவைச் சாத்தி, இதை ஓட விட்டால் ராத்திரிக்குள் காய்ந்துவிடுகிறது. ட்ரையரைவிட மின்சாரம் மிகக் குறைவு. காலையில் தொட்டியில் சேர்ந்திருக்கும் தண்ணீரைப் பார்த்தால் இவ்வளவையும் நாம் சுவாசித்துக்கொண்டா இருந்தோம் என்றிருக்கும். வாடகை வீடு என்றால் பூஞ்சையைப் போட்டோ எடுத்து ஏஜென்டுக்கு எழுத்தில் அனுப்பி வையுங்கள், போனில் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள்.

ஹீட்டிங் பில்லைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜூலையில் கேஸும் கரண்டும் சேர்ந்து 80 பவுண்டு வந்த வீட்டில் நவம்பரில் 210 வந்தது. பகலில் ஆளில்லாத வீட்டுக்கும், ஒரு தாயும் இரண்டு கைக்குழந்தைகளும் நாள் முழுக்க இருக்கிற வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அது. மாதாமாதம் ஒரே தொகை கட்டும் டைரக்ட் டெபிட் முறையில் இருந்தால் கோடையில் சேரும் மிச்சம் குளிரில் கைகொடுக்கும். நாங்கள் உபயோகத்துக்கு ஏற்றபடி கட்டும் முறையில் இருந்தோம். என் விடுப்புச் சம்பளம் குறைந்திருந்த சமயம் பார்த்து மொத்தச் சுமையும் விழுந்தது.

வெளியே போவதுதான் இந்தக் காலத்தில் மருந்து. மில்டன் கீன்ஸில் ரெட்வே என்று சிவப்புத் தார் போட்ட பாதைகள் ஊர் முழுக்க ஓடுகின்றன. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். பெரிய சாலையைக் கடக்க வேண்டிய இடங்களில் பெரும்பாலும் அடியிலோ மேலேயோ தனி வழி இருக்கும். இரட்டை ப்ராம் தள்ளுகிறவளுக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. வில்லென் ஏரிக் கரையில், 1980-இல் கட்டிய வெள்ளை பௌத்த ஸ்தூபி வரை போய்த் திரும்புவேன். காற்றில் இலை உதிரும்போது இருவரும் வாயைப் பிளந்து மேலே பார்ப்பார்கள், ஒரு இலை ப்ராமின் மேல்மூடியில் விழுந்தால் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் அக்டோபர் பாதியில் அதே இலைகள் நனைந்து, மக்கி, பாதையில் வழவழவென்று ஒட்டிக்கிடக்கும். இறக்கத்தில் ப்ராமின் மணிக்கட்டுப் பட்டையைக் கையில் மாட்டாமல் இறங்காதீர்கள். வாங்கும் முன் ப்ராமின் அகலத்தையும் உங்கள் வாசல் கதவையும் அளந்துவிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகை சுமார் 75 செண்டிமீட்டர் வரும். பஸ்ஸில் சக்கர நாற்காலி இடம் காலியாக இருந்தால்தான் நமக்கு. அவர்கள் ஏறினால் நாம் மடக்க வேண்டும், இரண்டு குழந்தைகளைக் கையில் வைத்துக்கொண்டு யார் மடக்குவது? அதனால் நான் பஸ்ஸையே மறந்துவிட்டேன்.

குளிருக்குப் பஞ்சு வைத்த முழு உடுப்பு இரண்டு, ஒவ்வொன்றும் 45 பவுண்டு, ஆசையாக வாங்கியிருந்தோம். கார் சீட்டில் உட்கார வைக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இறுகுவது அந்தப் பஞ்சுதான். மோதினால் பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். சாதாரண உடுப்போடு பெல்ட்டைப் போட்டு, அதற்கு மேல் போர்வை போர்த்துவதே சரி. அந்த உடுப்புகள் ப்ராமுக்கு மட்டும் உதவின, மூன்றே மாதத்தில் சின்னதாகியும் போயின. இப்படிப்பட்டதை எல்லாம் என்சிடி என்ற பெற்றோருக்கான தொண்டு அமைப்பு ஆங்காங்கே நடத்தும் பழைய சாமான் விற்பனையில் அள்ளலாம். கார் சீட்டை மட்டும் தெரியாதவர்களிடம் பழையதாக வாங்கவே கூடாது, விபத்தில் அடிபட்டதா என்று வெளியே பார்த்தால் தெரியாது.

பால் பவுடர் விஷயத்திலும் பணம் போகிறது. ஆறு மாதம் நெருங்கும்போது எனக்குத் தாய்ப்பால் இருவருக்கும் போதவில்லை. விலை கூடியதுதான் நல்லது என்ற நினைப்பு நம் எல்லோருக்கும் உண்டு. முதல் நிலைப் பவுடரில் என்னென்ன சத்து இருக்க வேண்டும் என்பதை இங்கே சட்டமே நிர்ணயித்திருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டின் சொந்த பிராண்டும் அதற்கு உட்பட்டதுதான். இரட்டைக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே மாதம் 40 பவுண்டுக்குக் குறையாமல் எங்களுக்கு மிஞ்சுகிறது. தள்ளுபடி வரும் என்று காத்திருக்காதீர்கள், முதல் நிலைப் பவுடருக்கு விலைச் சலுகை விளம்பரம் செய்யவே இங்கே அனுமதி இல்லை. கூடவே வைட்டமின் டி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும், பவுடர் பால் நாளுக்கு 500 மில்லிக்குக் குறைவாகக் குடிக்கும் குழந்தைக்கும் தினமும் 8.5 முதல் 10 மைக்ரோகிராம் சொட்டு மருந்து தர வேண்டும். நம் நிறத்துக்கு இங்குள்ள வெயில் போதாது. அம்மாக்களும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. இவர் அலுவலகத்துக்குப் போய்விட்டார். காலையில் இருவருக்கும் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைத்து, புதுச் சட்டை போட்டு, வீடியோவில் அம்மாவிடம் காட்டினேன். அவள் அழுதாள், நான் அழவில்லை, எனக்கு நேரமில்லை. அதற்கடுத்த ஞாயிறு, 26-ஆம் தேதி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் லாபம். குழந்தைகளுக்குக் கடிகாரம் தெரியாது. ஐந்து மணிக்கு எழுகிறவர்கள் நான்கு மணிக்கு எழுந்தார்கள். முந்தின நாள் ஆறு மணிக்குச் சற்று முன் மறைந்த சூரியன், அன்றைக்கு ஐந்து மணிக்கு முன்பே போய்விட்டது. நான்கிலிருந்து இரவு ஏழு வரைக்கும் பதினைந்து மணி நேரம் ஒரு நாள் நீளும், அதில் வெளிச்சம் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. கடிகாரம் மாறுவதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே தூங்க வைப்பதைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிக்கொண்டே வாருங்கள். அக்காவுக்கு அது பலித்தது. தம்பி இரண்டு வாரம் எடுத்துக்கொண்டான்.

இனி நான் எழுத நினைத்த முக்கியமான விஷயம். நவம்பர் தொடக்கத்தில் குழந்தைகள் விளையாட்டுக் கூடத்துக்கு ஒரு தடவை போய்வந்தோம். அக்காவுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. இரட்டையில் சளி ஒருபோதும் ஒருவரோடு நிற்காது, ஒருவர் தேறும்போது மற்றவருக்குத் தொடங்கும், வீட்டில் ஒரு மாதம் முழுக்க யாராவது ஒருவர் இருமிக்கொண்டே இருப்பார். சாதாரணச் சளி மாதிரித் தொடங்கி நுரையீரலின் மெல்லிய மூச்சுக்குழாய்களைப் பிடிக்கும் ஒரு நோயை இங்கே ப்ராங்கியோலைட்டிஸ் என்கிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் அது உச்சம். முதல் நாள் டாக்டரிடம் காட்டி "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகி விடாதீர்கள், நாளை எண்ணிக்கொண்டே இருங்கள். இதற்குப் பெரும்பாலும் காரணம் ஆர்எஸ்வி என்ற வைரஸ். கர்ப்பிணிகளுக்கு 28 வாரத்திலிருந்து அதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள், நானும் போட்டிருந்தேன், கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பெண்ணுக்கு வந்தது வேறு ஒரு சளி வைரஸ் என்று பிறகு சோதனையில் தெரிந்தது.

அன்றைக்கு இவர் எடின்பரோவில். இரவு பதினொரு மணிக்குப் பாட்டிலை வாயில் வைத்தால் அக்கா இரண்டு மிடறு குடித்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழே வயிறு உள்ளே குழிந்தது, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. அம்மாவுக்குப் போன் போட்டேன், ஊரில் விடியற்காலை. "கற்பூரத் தைலம் ரெண்டு சொட்டு தேங்காண்ணெயில கொழப்பி நெஞ்சுல தடவு" என்றாள். நல்லவேளை என்னிடம் அது இல்லை. கற்பூரம் குழந்தை வயிற்றுக்குள் போனால் வலிப்பே வரும், கைக்குழந்தைக்குத் தோலில் தடவுவதும் ஆபத்துதான். ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள் என்பது இதற்குப் பதில் ஆகாது. கொதிக்கும் நீரில் ஆவி பிடிப்பதும் வேண்டாம், சூடுபட்டு வரும் குழந்தைகள் உண்டு. ஒரு வயதுக்கு முன் தேனும் கூடாது. கடையில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு மூக்கில் விட்டு, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பதுதான் வீட்டில் செய்யக்கூடியது.

என்எச்எஸ் எனும் அரசு மருத்துவச் சேவையின் ஆலோசனை எண்ணான 111-க்கு அழைத்தேன். அவர்கள் கேட்பது எல்லாம் எழுதி வைத்திருந்தால் பாதி நேரம் மிச்சமாகும்: குழந்தையின் என்எச்எஸ் எண், கடைசியாகப் பார்த்த எடை, கடைசி மூன்று வேளை எவ்வளவு குடித்தது, கடைசியாக டயப்பர் எப்போது நனைந்தது. இரட்டையர் என்றால் ஆளுக்கு ஒரு தாளாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள், அந்த நேரத்தில் யாருடைய எண் யாருடையது என்று நிச்சயம் குழம்பும். காய்ச்சல் மருந்து கொடுத்த நேரத்தையும் அதே தாளில் பெயரோடு எழுத வேண்டும். பாராசிட்டமாலுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. இரண்டு பேர் மாறி மாறிப் பார்க்கும் வீட்டில் ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை போய்விடுவது அவ்வளவு சுலபம். வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகக் குடித்தாலோ, பன்னிரண்டு மணி நேரமாக டயப்பர் நனையாவிட்டாலோ 111. மூச்சு நின்று நின்று வந்தால், முனகினால், நெஞ்சு குழிந்து மூச்சுக்கு ரொம்பவே சிரமப்பட்டால், உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தால் நேராக 999, ஆம்புலன்ஸ். நம் பிள்ளைகளின் நிறத்தில் நீலம் சட்டென்று தெரியாது, உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பாருங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். தம்பியை யாரிடம் விடுவது? எதிர்வீட்டில் மலையாளி அக்கா, நர்ஸ், அன்றைக்கு அவருக்கு இரவு டியூட்டி. எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். தீபாவளிக்கு ஆளாளுக்கு முறுக்கு போட்டோ அனுப்பினார்கள். நடுராத்திரியில் அதில் யாரைக் கூப்பிடுவது? விரல் பெயர்களின் மேல் ஓடிக்கொண்டே இருந்தது, ஒருவரையும் தொடவில்லை. அந்தத் தயக்கம்தான் இன்னும் எனக்கு வலிக்கிறது. இருவரையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எனக்குக் கார் ஓட்ட உரிமம் இல்லை. இந்திய உரிமத்தில் இங்கே குடியேறி 12 மாதம்தான் ஓட்டலாம், அது முடிந்துவிட்டது, இங்குள்ள டெஸ்டுக்குத் தேதி மாதக்கணக்கில் கிடைக்காது. முதலில் வந்த டாக்சிக்காரர் இரண்டு கார் சீட்டைப் பார்த்ததும் நேரமாகும் என்று போய்விட்டார். இரண்டாமவர் இறங்கி வந்து தானே மாட்டிக் கொடுத்தார். உங்கள் சீட்டை வெறும் பெல்ட்டால் எப்படிக் கட்டுவது என்று பகலில், வெளிச்சத்தில், ஒருமுறை பழகி வையுங்கள்.

மருத்துவமனையில் அக்காவின் கால் பெருவிரலில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு பட்டையை ஒட்டி, மேலே காலுறையைப் போட்டுவிட்டார்கள். ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இறங்கி இறங்கி ஏறியது. மூக்கு வழியாக ஆக்சிஜனும் பாலுக்குக் குழாயும் வைத்தார்கள். எல்லாம் இலவசம், நன்றாகவும் பார்த்தார்கள். ஆனால் நோயாளி அவள் மட்டும்தான். தம்பிக்குத் தொட்டில் கிடையாது, பால் கிடையாது, டயப்பர் கிடையாது. அவனை என் மடியிலேயே வைத்திருந்தேன். ஒரு நர்ஸ் சற்று நேரம் தூக்கி வைத்துக்கொண்டதால்தான் என்னால் கழிப்பறைக்குப் போக முடிந்தது. இவர் முதல் ரயிலைப் பிடித்து மத்தியானம் வந்து சேர்ந்தார். ஆகவே இரட்டையர் வீட்டில் மருத்துவமனைப் பை என்பது நோய் வராத குழந்தைக்கும் சேர்த்துத்தான். கலக்கத் தேவையில்லாமல் கடையில் தயாராகக் கிடைக்கும் பாட்டில் பால், டயப்பர், மாற்றுடை, சார்ஜர், உங்களுக்குத் தின்ன ஏதாவது. சில நாளில் வீட்டுக்கு வந்தோம். வந்த அன்றே தம்பி இரும ஆரம்பித்தான். அவனுக்கு அவ்வளவு முற்றவில்லை.

நவம்பர் கடைசியில்தான், இவருடைய அலுவலகத்தில் இரட்டைக்குத் தகப்பனான இன்னொருவர் மூலம், விடுப்பு பற்றிய ஒரு விஷயம் தெரிந்தது. சட்டப்படியான தந்தை விடுப்பு இரண்டு வாரம்தான், இரட்டை பிறந்தாலும் அது நான்கு ஆகாது. தாயின் பிரசவ விடுப்பும் அப்படியே. ஆனால் சம்பளமில்லாத பெற்றோர் விடுப்பு என்று ஒன்று தனியாக உண்டு. அது குழந்தைக் கணக்கு. ஒரு குழந்தைக்கு 18 வயதுக்குள் 18 வாரம், வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு வாரம். இரட்டை என்றால் வருடத்துக்கு எட்டு வாரம். 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், முழு வாரமாக எடுக்க வேண்டும், 2025-இல் இருந்த விதிப்படி அந்த நிறுவனத்தில் ஒரு வருடம் முடித்திருக்கவும் வேண்டியிருந்தது. நிறுவனம் வேலை நிமித்தம் தள்ளிப்போடலாம். நம்மைப் போல ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர்கள், சம்பளமில்லாமல் நான்கு வாரத்துக்கு மேல் போனால் விசாவுக்குச் சிக்கல் என்று பயந்து கேட்பதே இல்லை. சட்டப்படியான பெற்றோர் விடுப்பு அந்தக் கணக்கில் சேராது. சாதாரண சம்பளமில்லா விடுப்பு என்று பதியாமல் இதன் பெயரிலேயே பதியச் சொல்லி எச்ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே விசாவில் பொது நிதி கிடையாது என்ற நிபந்தனை இருப்பதால் குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை நமக்கு இல்லை, தப்பித் தவறியும் விண்ணப்பிக்க வேண்டாம். பெற்றோர் இருவருக்கும் அந்த நிபந்தனை இருந்தால், ஒன்பது மாதத்திலிருந்து கிடைக்கும் 30 மணி நேர இலவசக் குழந்தைக் காப்பகமும் இல்லை. நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்கள் அந்த உதவித்தொகையை வாங்கலாம். 2025-26-இல் மூத்த குழந்தைக்கு வாரம் 26.05 பவுண்டு, அடுத்ததற்கு 17.25. இரண்டு நிமிடம் பிந்திப் பிறந்தாலும் அடுத்தது அடுத்ததுதான். தொண்டு நிறுவனங்களின் உதவிக்கு விசாத் தடை எதுவும் இல்லை. ட்வின்ஸ் டிரஸ்ட் என்ற அமைப்பு இரட்டையர் குடும்பங்களுக்கென்றே இருக்கிறது. ஹோம்-ஸ்டார்ட் அமைப்பிலிருந்து தன்னார்வலர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து ஓரிரு மணி நேரம் கூட இருப்பார். ஹெல்த் விசிட்டரிடம் சொல்லிப் பதியச் சொல்லலாம், காத்திருப்போர் பட்டியல் இருக்கும், அதனால் அம்மா ஊருக்குப் போவதற்கு முன்பே கேளுங்கள். எனக்கு டிசம்பரில்தான் ஒரு பாட்டி கிடைத்தார். அவர் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே குப்பை லாரியைக் காட்டிக்கொண்டிருக்கும்போது நான் மேலே போய்த் தூங்கிவிடுவேன்.

மனசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு சாயங்காலம் இருட்டத் தொடங்கினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். யாராவது "இரட்டைச் சந்தோஷம்" என்று மெசேஜ் அனுப்பினால் போனைத் தூக்கிப் போடத் தோன்றும். இவர் ரயிலில் உட்கார்ந்து சூடாக ஒரு காபி குடிக்கிறாரே என்பதற்காகவே இவர்மேல் ஆத்திரப்பட்டேன். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஆறு வாரப் பரிசோதனையில் நன்றாக இருந்தேன் என்பது ஒரு கணக்கே இல்லை. இங்கிலாந்தில் என்எச்எஸ் பேச்சு சிகிச்சைக்கு டாக்டர் கடிதம் இல்லாமல் நாமே ஆன்லைனில் பதிந்துகொள்ளலாம். கைக்குழந்தைக்காரி என்று சொன்னால் முன்னுரிமை தருகிறார்கள். எனக்குப் போனிலேயே பேசினார்கள்.

அந்த வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேரைத் தனியாகக் கேட்டேன். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள், அதை நம்பி உட்கார முடியாது. நான் கேட்டது இப்படி: "ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வந்து ஒரு பிள்ளையோடு எங்கள் வீட்டில் தங்குவீர்களா?" ஒருவர் முடியாது என்றார், நேராகச் சொன்னதில் எனக்கு மரியாதைதான் கூடியது. மற்ற இருவர் சரி என்றார்கள். அவர்களிடம் வீட்டுச் சாவி இருக்கிறது, பால் எப்படிக் கலப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிக் காட்டியும் விட்டேன்.

அடுத்த பிரசவத்துக்குத் தயாராகும் யாராவது இரட்டை என்று சொன்னால் நான் முதலில் கேட்பது, பாட்டிமார்களின் டிக்கெட் போட்டாகிவிட்டதா என்றுதான். போடவில்லை என்றால் பிரித்துப் போடச் சொல்கிறேன். வசந்தத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஒரு பாட்டி முதல் மூன்று மாதம், இன்னொரு பாட்டி செப்டம்பர் முடிவிலிருந்து. கோடையை நீங்களும் கணவருமாக எப்படியாவது ஓட்டிவிடலாம், வெளிச்சம் பாதி வேலையைச் செய்துவிடும். எங்கள் அத்தைக்கு விசா வந்துவிட்டது, ஜனவரியில் மதுரையிலிருந்து கிளம்புகிறார். கேழ்வரகு மாவும் பருப்புப் பொடியும் கொண்டுவருகிறார். கற்பூரத் தைலத்தை மட்டும் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று இவரை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். மருமகள் சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.